மலையிறக்கத்துப் பெண்கள்

நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும் பெருந்தெருவில் பயணம் செய்தவர்களுக்கு லபுக்கலையையும் இறம்பொடையையும் ஒட்டிய வளைவுகள் மறந்திருக்காது. ஒரு வளைவில் சிறுவன் ஒருவன் கையில் பூங்கொத்தோடு நின்று வாகனத்தை மறிப்பான். வாகனம் நிற்காமல் போகும். அடுத்த வளைவில் அதே சிறுவன், அதே பூங்கொத்து. வாகனம் பாதையைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் அவன் தேயிலைச் செடிகளுக்கு நடுவேயுள்ள குறுக்குப் பாதையால் ஓடி இறங்கியிருப்பான். மூன்றாவது வளைவிலும் அவனைக் கண்டால் கல்நெஞ்சக்காரச் சாரதியும் பிரேக்கை மிதித்துவிடுவார். பூவுக்காக அல்ல, அந்த ஓட்டத்துக்காக.

அந்தப் பாதையில் இன்னும் கீழே இறங்கினால் வருவது எங்கள் புசல்லாவை. பேராதனையில் படித்த காலத்திலும், பின்னர் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்திலும் அந்த வளைவுகளை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். பூக்காரப் பையன்களைப் பற்றி ஒருமுறை எழுதியும் இருக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி எனக்கு அப்போது தோன்றவில்லை. அதே குறுக்குப் பாதையால் அவர்களுடைய அம்மாமாரும் அக்காமாரும் நாள்தோறும் முதுகில் கொழுந்துச் சுமையோடு இறங்குகிறார்களே, அந்த இறக்கத்தை நாம் ஏன் ஒரு திறமையாகப் பார்க்கவில்லை?

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது ஒரு விளையாட்டு. மலையிறக்க சைக்கிளோட்டம். 'டவுன்ஹில்' என்று உலகம் அழைக்கும் அந்தப் போட்டியின் பெண்கள் பிரிவை அண்மையில் ஓர் இரவு கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்த ஒரு பெண், வேரும் பாறையும் நிறைந்த காட்டுச் சரிவில் கல் உருள்வதைப்போல வந்தாள். கீழே வந்து நின்றதும் அவள் முதலில் நிமிர்ந்து பார்த்தது கடிகாரத்தை. அந்தப் பார்வைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

தராசு பார்த்த மலை

புசல்லாவையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மலையகம் பற்றி அறியாத வெளிநாட்டு வாசகர்களுக்கும் அது உதவும்.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவில், கண்டி மாவட்டத்தின் தெற்கு விளிம்பில் இருக்கிறது புசல்லாவை. கோப்பிக் காலத்திலேயே பெயர்பெற்ற இடம். ஐரோப்பாவின் பெரும் வங்கியாளர்களான ரொத்ஸ்சைல்ட் குடும்பத்தின் உறவினர்களாகிய மொரிஸ் வோர்ம்ஸ், கேப்ரியல் வோர்ம்ஸ் என்ற சகோதரர்கள் இங்கே தோட்டம் திறந்து அதற்கு அந்தக் குடும்பத்தின் பெயரையே வைத்தார்கள். 1841 அளவில் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை அவர்கள் இங்கு நட்டுப் பார்த்ததாக வரலாறு சொல்கிறது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867ஆம் ஆண்டில். அதற்குக் கால் நூற்றாண்டு முந்தியது புசல்லாவைப் பரீட்சை. 1869இல் தலைகாட்டிய இலை நோய் கோப்பியை அழித்தபின் மலைகள் எல்லாம் தேயிலைக்கு மாறின.

இந்த மாற்றத்தில் பெண்களுக்கு ஒரு தனி இடம் உண்டு. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்துக்கு வந்து, பிறகு கடல் கடந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தேயிலை அப்படியல்ல. ஆண்டு முழுவதும் துளிர்க்கும், ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயன் அறைகளில் நிரந்தரமாகக் குடியேற்றப்பட்டன. கொழுந்து பறிப்பது பெண்களின் வேலையாயிற்று. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்துச் சமவெளிக் கிராமங்களில் பிறந்த பெண்கள், சரிவில் நடக்கவும் நிற்கவும் சுமை தூக்கவும் பழகிக்கொண்டார்கள்.

இடுப்பில் படங்கு, நெற்றியில் கூடைக் கயிறு, காலடியில் வழுக்கும் களிமண். மழைக்காலமானால் அட்டைக்கடியும் சேர்ந்துகொள்ளும். கூடை நிறைந்ததும் சரிவில் இறங்கிக் கொழுந்து மடுவத்துக்கு வர வேண்டும். அங்கே தராசு காத்திருக்கும். தண்ணீருக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழித்தபின் மிஞ்சியதைக் கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்வார். தோட்டத்துப் பெண்ணைப் பற்றி நாள் தவறாமல் எழுதிவைக்கப்பட்ட ஒரே தகவல் அந்த நிறைதான். அவள் எத்தனை லாவகமாக இறங்கினாள், எந்தக் கல்லில் கால்வைத்தாள், எந்த வேரைத் தாண்டினாள் என்பதற்குப் பதிவேடு கிடையாது.

மலையிறக்க சைக்கிளோட்டத்தில் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே நிறை இல்லை. நேரம் மட்டும்தான். போட்டியாளர்கள் ஒருவர்பின் ஒருவராக உச்சியிலிருந்து விடப்படுவார்கள். பாதையின் நீளம் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீற்றர். யார் குறைந்த நேரத்தில் அடிவாரத்தை அடைகிறாரோ அவருக்கு வெற்றி. அழகுக்குப் புள்ளி இல்லை, நடுவரின் விருப்பு வெறுப்புக்கும் இடமில்லை. பெண் ஓடினாலும் ஆண் ஓடினாலும் ஒரே கடிகாரம். இதனாலேயே பெண்கள் இந்த விளையாட்டில் இடம்பிடித்த கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கொழும்புக்கு வந்த சைக்கிள்காரி

பெண் சைக்கிளில் ஏறியதே ஒரு காலத்தில் செய்தியாக இருந்தது. பொஸ்டன் நகரைச் சேர்ந்த அனி கொப்சோவ்ஸ்கி என்ற பெண், 'அனி லண்டன்டெரி' என்ற பெயரில் 1894 ஜூன் மாதம் உலகைச் சுற்றப் புறப்பட்டாள். லட்வியாவில் பிறந்த யூதப் பெண், மூன்று குழந்தைகளின் தாய். புறப்படும்போது நீண்ட பாவாடை அணிந்திருந்தாள். அவளுக்குக் கொடுக்கப்பட்ட பெண்கள் சைக்கிளின் எடை 42 இறாத்தல். சிக்காகோ வந்து சேர்வதற்குள் அது சரிப்படாது என்று புரிந்துவிட்டது. அங்கே 21 இறாத்தல் எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினாள். உடையும் பாவாடையிலிருந்து காற்சட்டைக்கு மாறியது.

1895இன் தொடக்கத்தில் மார்சேயிலிருந்து கிழக்கே வந்த அவளுடைய கடற்பயணத்தில் கொழும்புத் துறைமுகமும் ஒரு தரிப்பிடம். பயணத்தின் பெரும்பகுதியைக் கப்பலில் கழித்துவிட்டாள் என்று அக்காலத்திலேயே குறை சொன்னவர்கள் உண்டு. அது உண்மையும்கூட. இருந்தாலும், கொழும்பில் அவள் வந்திறங்கிய அந்த ஆண்டில், நூறு மைலுக்கும் குறைவான தொலைவில் எங்கள் பாட்டிகளின் பாட்டிகள் புசல்லாவைச் சரிவுகளில் கூடை சுமந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு உலகங்களும் ஒரே தீவில் இருந்திருக்கின்றன. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

கிறீஸ் எரிந்த பாதை

மலையிறக்கம் ஒரு போட்டியாக உருவெடுத்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் பகுதி. அங்குள்ள பெரிய மலையின் பெயர் டமல்பாயஸ். நம்மவர்கள் உடனே தமிழோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டாம். அது மிவோக் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர்.

எழுபதுகளில் அப்பகுதி இளைஞர்கள் சிலர் 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட பழைய, கனத்த சைக்கிள்களைப் பழைய இரும்புக் கடைகளிலிருந்து பொறுக்கியெடுத்து மலைப்பாதைகளில் ஓட்டத் தொடங்கினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் இறுகும் பிரேக் அவற்றில் இருந்தது. ஃபெயார்ஃபக்ஸ் என்ற ஊருக்கு அருகில், சுமார் 2 மைலுக்குள் 1300 அடி இறங்கும் ஒரு மண்பாதை உண்டு. அதில் ஒருமுறை இறங்கினால் சூட்டில் பிரேக்கிலுள்ள கிறீஸ் எல்லாம் எரிந்து புகையாகிவிடும். மறுபடி கிறீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். ஆகவே அந்தப் பாதைக்கு 'மறுபடி அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபாக்' என்ற பெயர் வந்தது.

1976 ஒக்டோபர் 21ஆம் திகதி அங்கே முதலாவது போட்டி நடந்தது. அலன் பொண்ட்ஸ் என்பவர் வென்றார். வென்றதற்குக் காரணம் எளிமையானது, விழாமல் இறங்கியவர் அவர் ஒருவரே. பின்னாளில் மலைச் சைக்கிள் தொழிலின் பெரும்புள்ளிகளாகிய கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெலி எல்லோரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஃபிஷரின் 4 நிமிடம் 22 வினாடிதான் அப்பாதையின் சாதனை நேரம்.

இந்தப் பெயர்களை இந்த விளையாட்டின் வரலாற்றைத் தொடும் எவரும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல விரும்பும் பெயர் வென்டி கிராக். அந்தக் கூட்டத்தில் ஆரம்பம் முதலே இருந்த பெண். அந்தச் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு மேலேறுவதே பெரும்பாடு. அதையும் செய்து, தோளில் கமராவையும் சுமந்து சென்றார். ரீபாக் பாதையில் பெண்களுக்கான சாதனை நேரத்துக்கு உரியவர் அவர். அந்த முதல் ஆண்டுகளின் புகைப்படங்களாக இன்று நாம் காண்பவற்றில் பெரும்பகுதி அவர் எடுத்தவை. ஆகவேதான் அப்படங்களில் அவர் குறைவாகத் தென்படுகிறார். ஆவணப்படுத்தியவர் ஆவணத்தில் இல்லாமற்போவது பத்திரிகைக்காரர்களுக்குத் தெரிந்த துயரம். அவருக்கோ ஒரு பாதுகாப்பு இருந்தது. கடிகாரத்தைப் பிடித்திருந்தவர்கள் அவருடைய நேரத்தையும் எழுதி வைத்திருந்தார்கள்.

நான் வெட்டிய வரி

1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் மலைச் சைக்கிளுக்கான முதலாவது அதிகாரபூர்வ உலக வெற்றியாளர் போட்டி நடைபெற்றது. பெண்கள் மலையிறக்கத்தில் கனடாவின் சிண்டி டிவைன் வென்றார். ஆண்களுக்கு நடந்த அதே இடத்தில், அதே ஆண்டில் பெண்களுக்கும் போட்டி. ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் பெண்கள் சேர்க்கப்பட 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்ததை நினைத்தால், இதன் அருமை விளங்கும்.

அடுத்துவந்த ஆண்டுகளில் இத்தாலியின் ஜொவானா பொனாசி, அமெரிக்காவின் ஜூலி ஃபர்ட்டாடோ என்று பெயர்கள் வந்தன. 1994இல் வெயில் நகரில் வென்ற மிஸி ஜியோவ் முற்றிலும் வேறு வகை. உலர்த்திய பிரானா மீன் ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஓடியவர். அவருடைய வேகத்தையும் விழுக்காடுகளையும் பார்க்கவே கூட்டம் சேர்ந்தது. முறிந்த எலும்புகளின் கணக்கைப் பேட்டிகளில் அவர் பெருமையாகவே சொல்வார். புகழ் வடிந்தபின் 2009இல் கஞ்சா கடத்தல் வழக்கொன்றில் கைதானார். 2015இல், நாற்பது வயதைத் தாண்டியபின், மீண்டும் ஓர் உலகக் கிண்ணப் போட்டியின் தொடக்க மேடையில் வந்து நின்றார். ஏற்றமும் இறக்கமும் அந்த வாழ்க்கையில் மலையில் மட்டும் நிகழவில்லை.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

1996ஆம் ஆண்டு உலக வெற்றியாளர் போட்டி அவுஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் நடந்தது. நான் அப்போது இருபதுகளில் இருந்த உதவி ஆசிரியன். இரவுப் பணி. விளையாட்டுப் பக்கத்தின் அடியில் நான்கு வரி இடம் மிஞ்சியிருந்தது. வெளிநாட்டுச் செய்தி முகவரகம் ஒன்று அனுப்பிய குறிப்பில் இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் பெயர் இருந்தது. ஆண்கள் பிரிவில் நிக்கொலா வுயோஸ், பெண்கள் பிரிவில் ஆன்-கரோலின் ஷொசோன். இரண்டையும் மொழிபெயர்த்தபோது ஆறு வரி வந்தது. பின் இரண்டு வரியை வெட்டினேன். யாரும் சொல்லி வெட்டவில்லை. யோசித்தும் வெட்டவில்லை. கத்தி தானாகவே அந்தப் பக்கம் போயிற்று.

நான் அச்சேற்றிய வுயோஸ் பெரிய வீரர்தான். முதுநிலைப் பிரிவில் 7 தடவை உலக வெற்றியாளரானார். நான் வெட்டிய ஷொசோன் 1996 முதல் 2003 வரை ஓராண்டும் தவறாமல் வென்றார். 2005இல் மறுபடியும் வென்றார். ஆக 9 தடவை. அதற்கு முன் கனிஷ்ட பிரிவில் மூன்று பட்டங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பி.எம்.எக்ஸ். சைக்கிளோட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, பெண்களுக்கான தங்கப் பதக்கமும் அவருக்கே கிடைத்தது. ஒரு விளையாட்டில் ஒருவர் செலுத்திய ஆதிக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடுவது கடினம். அவருடைய முதல் பெரிய வெற்றியை எங்கள் வாசகர்கள் அறியாமற்போனதற்கு நான் காரணம். கொழுந்து மடுவத்துக் கணக்கப்பிள்ளை நிறையையாவது எழுதினார். நான் அதைக்கூட எழுதவில்லை.

மூன்று நிமிடத்துக்கான வாழ்க்கை

மலையிறக்க வீராங்கனையின் வாழ்க்கை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கவர்ச்சியானது. உள்ளே போனால் அது பெரும்பாலும் காத்திருப்பும் காயமும்.

போட்டிக்கு முன்பு அவர்கள் செய்யும் முதல் வேலை நடப்பது. சைக்கிள் இல்லாமல், பாதை முழுவதையும் மேலிருந்து கீழாக நடந்து பார்ப்பார்கள். எந்த வேர் ஈரமாக இருக்கிறது, எந்தப் பாறையின் இடப்பக்கம் சக்கரம் போகும், எங்கே பிரேக்கை விட வேண்டும் என்று மனப்பாடம் செய்வார்கள். பிறகு பயிற்சி ஓட்டங்கள். அதன்பின் தகுதிச் சுற்று. எல்லாம் முடிந்து இறுதிச் சுற்றில் அவர்களுக்குக் கிடைப்பது மூன்று முதல் ஐந்து நிமிடம். ஒரு பருவத்து உழைப்பு அந்த நிமிடங்களுக்குள் அடங்க வேண்டும். வெற்றி தோல்வி வினாடியின் பின்னங்களில் தீர்மானமாவதும் உண்டு.

பிரித்தானியாவின் ரேச்சல் அதர்ட்டன் இதற்கு நல்ல சான்று. சகோதரர்கள் டான், ஜீ இருவரும் இதே விளையாட்டில் பெயர்பெற்றவர்கள். 2008இல் தமது 20ஆவது வயதில் உலக வெற்றியாளரானார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் வீதிப் பயிற்சியின்போது எதிரே வந்த வாகனத்தில் மோதித் தோள் சிதைந்தது. அந்தப் பருவம் முழுவதும் போயிற்று. 2016இல் உலகக் கிண்ணத் தொடரின் 7 சுற்றுகளையும் வென்று, உலக வெற்றியாளர் பட்டத்தையும் வென்றார். ஒரு பருவத்தில் ஒரு தோல்வியும் இல்லை. 2019இல் குதிகால் நரம்பு அறுந்தது. 2021இல் தாயானார். இத்துடன் முடிந்தது என்று பலர் எண்ணியிருக்க, 2023 ஜூனில் சுவிற்சர்லாந்தின் லென்சர்ஹைட சுற்றில் திரும்பிவந்து முதல் போட்டியிலேயே வென்றார்.

ஆஸ்திரியாவின் வலென்டினா ஹோல் என்ற பெண்ணின் கதையும் அப்படியே. 2020இல் வீட்டுக்கு அருகிலுள்ள லியோகாங்கில் உலகப் போட்டி நடந்தபோது பயிற்சியில் விழுந்து கணுக்கால் முறிந்தது. சொந்த மண்ணில் ஓட முடியவில்லை. அதே பெண் 2022 முதல் 2025 வரை தொடர்ந்து 4 தடவை உலகப் பட்டத்தை வென்றார்.

மலையிறக்கம் ஒலிம்பிக் விளையாட்டல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மலைச் சைக்கிளின் நெடுந்தூர ஓட்டம் 1996இல் அட்லாண்டாவில் சேர்க்கப்பட்டது. இறக்கத்துக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. ஒலிம்பிக் பதக்கம் இல்லாத விளையாட்டுக்கு அரசாங்கங்கள் பணம் கொடுப்பது அரிது. வீராங்கனைகள் அனுசரணை நிறுவனங்களை நம்பியே வாழ வேண்டும். காயம் பட்டு ஓராண்டு ஒதுங்கினால் அனுசரணையும் ஆட்டம் காணும்.

பணத்தைப் பற்றிப் பேசுவோம். உலக வெற்றியாளர் போட்டிகளில் ஆண், பெண் இருபாலாருக்கும் ஒரே பரிசுத்தொகை என்று சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் 2012இல் முடிவெடுத்து, 2013 முதல் நடைமுறைப்படுத்தியது. நல்ல முடிவு. ஆனால் சமத்துவம் அத்துடன் வந்துவிடவில்லை. 2023 பருவத்தின் உலகக் கிண்ண இறுதிச் சுற்றுகளில் ஆண்கள் 30 பேருக்கு இடம், பெண்களுக்கு 10 பேருக்கு மட்டும். பதினோராவதாக வந்த பெண்ணுக்கு இறுதிச் சுற்றில் ஓடவே வாய்ப்பில்லை.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் மலை நினைவுக்கு வந்தது. இலங்கைத் தோட்டங்களில் ஆண் தொழிலாளியின் நாட்சம்பளத்தை விடப் பெண் தொழிலாளியின் சம்பளம் குறைவாகவே பல தலைமுறை இருந்தது. அதே மலை, அதே வெயில், பல வேளைகளில் அதைவிட நீண்ட வேலைநேரம். 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் விளைவாகத்தான் சம்பளம் சமமாயிற்று. மலையிறக்க வீராங்கனைகளுக்குச் சம பரிசு கிடைப்பதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்னர், கூடை சுமந்த எங்கள் பெண்கள் அதைப் போராடி வாங்கிவிட்டார்கள். இந்த ஒப்பீட்டை நான் வேறெங்கும் வாசித்ததில்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

சுபாங்கும் புதுக்கோட்டையும்

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுபவர்களுக்கு ஒரு செய்தி. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலையிறக்கம் ஒரு பதக்கப் போட்டி. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவிலுள்ள சுபாங் மாவட்டத்தில் அது நடந்தது. பெண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் தியாரா அந்தினி பிரஸ்திகா என்ற இந்தோனேசியப் பெண். வெண்கலமும் அந்நாட்டுக்கே, வெள்ளி தாய்லாந்துக்கு. இதில் எனக்குப் பிடித்த விடயம் வேறொன்று. சுபாங் மாவட்டத்து மலைகளிலும் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. சியாத்தர் பக்கத்துப் படங்களைப் பார்த்தால் புசல்லாவை என்று சொல்லிவிடலாம்.

எங்கள் பெண்களின் மூதாதையர் ஊர்களில் ஒன்றான புதுக்கோட்டையிலும் ஒரு சைக்கிள் வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு உறுதுணையாக இருந்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பதிவு செய்தார். பயின்றதைக் காட்டப் பொது நிகழ்ச்சிகளில் கலந்துகொண்ட பெண்கள் மட்டும் 70 ஆயிரத்துக்கும் அதிகம் என்று அவர் எழுதினார். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னாலுள்ள குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினார்கள். நூறாண்டுக்கு முன்பு சிக்காகோவில் அனி செய்த அதே மாற்றம். காரணம்தான் வேறு.

சமவெளியில் சைக்கிள் பெண்ணுக்குச் சுதந்திரமாக வந்தது. மலையில் அப்படி வரவில்லை. ஏறவும் முடியாது, இறங்கவும் பயம். எங்கள் தோட்டங்களில் சைக்கிள் என்றால் தபால்காரரின் நினைவுதான் வரும்.

ஏற்றத்தின் கணக்கு

கற்பனையில் மிதப்பது எனக்கு விருப்பமில்லை. ஆகவே கணக்கையும் போட்டுவிடுவோம். உலகத்தரப் போட்டிக்கான மலையிறக்கச் சைக்கிள் ஒன்றை 5000 அமெரிக்க டொலருக்குக் கீழே வாங்குவது கடினம். ஒரு டொலரை 300 ரூபாவாகக் கொண்டாலும் 15 இலட்சம் ரூபா. 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட ஆகக்குறைந்த நாட்சம்பளம் 1350 ரூபா. ஒரு பெண் அந்தச் சம்பளத்தில் ஒருநாளும் ஓயாமல், ஒரு ரூபாவும் செலவழிக்காமல் 1100 நாட்களுக்கு மேல் உழைத்தால் ஒரு சைக்கிள் வாங்கலாம். மூன்று ஆண்டுகள்! தலைக்கவசமும் மருத்துவச் செலவும் தனி.

சரிவு என்பது எங்களுக்கு விளையாட்டாகவும் இருந்ததில்லை. 2025 மே மாதம் இதே பெருந்தெருவில் கெரண்டி எல்லயில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயின. மலை இறங்கிவரும் இரவுகளை அறிந்தவர்களிடம் போய் மலையிறக்கப் போட்டி பற்றிப் பேசுவதற்கு எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

என்றாலும் பேசத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். மலையகம் என்றாலே சுமை, துயரம், சரிவு என்று எழுதிப் பழகிவிட்டோம். அவை உண்மை. ஆனால் அந்தப் பெண்களின் கால்களில் உள்ள திறமையும் உண்மையே. 'பீக்கோ டிரெயில்' என்ற நடைபாதை கண்டி ஹந்தானையில் தொடங்கி, எங்கள் புசல்லாவைக்கு மேலேயுள்ள தவலந்தென்னையைத் தொட்டு, 22 கட்டங்களில் 300 கிலோமீற்றருக்கும் அதிகமாகச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. உலகின் பல நாடுகளிலிருந்தும் வந்து அந்தப் பாதையில் நடக்கிறார்கள், சைக்கிளும் ஓட்டுகிறார்கள். அது புதிதாக வெட்டிய பாதை அல்ல. பெரும்பகுதி தோட்டப் பாதைகள். யாருடைய கால்கள் பட்டு அவை பாதையாயின என்று சொல்லத் தேவையில்லை.

சென்ற முறை ஊருக்குப் போனபோது மாலை நேரத்தில் ஒரு குறுக்குப் பாதையின் அடியில் நின்றுகொண்டிருந்தேன். மேல் மலையில் வேலை முடிந்து பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். கடைசியாக வந்த ஒரு பெண், நடுத்தர வயதிருக்கும், மற்றவர்களைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, படங்கைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள். ஈரக் கல்லில் ஒரு கால், வேரின் மேல் மறு கால், கானைத் தாண்டி ஒரு பாய்ச்சல். உச்சி வளைவிலிருந்து பாதைக்கு வந்து சேரும்வரை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 48 வினாடி.

"என்னாங்க ஐயா, பஸ்ஸு போயிருச்சா?" என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். நேரம் பார்த்தது பஸ்ஸுக்காக அல்ல என்பதைச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் வெட்டிய இரண்டு வரிக்குப் பதிலாக அந்த 48 வினாடியை இங்கே பதிந்துவைக்கிறேன்.